பாட்டுக்குள் வைத்த நம்பர்

ஜூலை 14, 2024

ஞாயிற்றுக்கிழமை. நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்கு லீவு. காலை பஸ்ஸில் அரியலூர் போய், கலையரசன் வீட்டு மாடி ஷெட்டில் பிராக்டிஸ். அவன் வரவே பதினொன்றாகிவிட்டது. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருக்கிறான். கண் இமையெல்லாம் சாம்பல். கிதாரைத் தொடுவதற்கு முன்னால் மூன்று முறை கை கழுவுவான். சாமி கும்பிடக்கூட அவன் அவ்வளவு சுத்தம் பார்க்க மாட்டான்.

எங்கள் பேண்டுக்குச் 'சுண்ணாம்புக்கல்' என்று பெயர் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. நான் ஒருத்திதான் பெண், எழுதிப் பாடுவேன், கலையரசன் கிதார், வீரமணி டிரம்ஸ். இதுவரை ஏழு பாட்டு. கேட்டவர்கள் எல்லாரையும் சேர்த்தால் ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள்.

இன்று எட்டாவது பாட்டு. வீரமணியின் அப்பா கருப்பண்ணன் எங்கள் விக்கிரமங்கலத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி எதுவானாலும் அவருடைய வண்டிதான். எழுத்துத் தெரியாத பெண்கள்கூட அவருடைய போன் நம்பரை ராகம் போட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்ணுக்கு மாமியார் முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். களை எடுக்கும்போது யாராவது ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். கடைசியில் இரட்டை ஏழு வருகிற இடத்தில் ஒரு இழுப்பு இருக்கிறது. அந்த இழுப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். காதலனோடு ஓடிப்போகிற ஒருத்தி ஆட்டோவைக் கூப்பிடுகிற பாட்டு. பெயர் 'ஆட்டோ மாமா'. பல்லவி முழுக்க அவருடைய பத்து எண்தான்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றான் கலை. வீரமணி சிரித்தான். "எங்கப்பாவுக்கு ஓசி விளம்பரம்டா. நான் சொல்லிக்கிறேன்" என்றான். அதோடு விட்டோம்.

ஜூலை 21

வீடியோ எடுத்தாயிற்று. ஆட்டோவைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று அவன் அப்பாவிடம் பொய் சொல்லி வீரமணி வண்டியைக் கொண்டுவந்தான். முந்திரித்தோப்பு ஓரத்தில், கலையின் போனில், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கடைசியில் நிஜமாகவே கழுவித்தான் கொடுத்தோம்.

அவன் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. "வெளியாகட்டும், சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்கிறான்.

ஆகஸ்ட் 2

412 பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் நாற்பது தடவை நான்.

ஆகஸ்ட் 11

மலேசியாவில் யாரோ ஒரு கல்யாணப்பெண் தோழிகளோடு எங்கள் பாட்டுக்கு ஆடியிருக்கிறாள். விரல்களைக் காட்டிக்காட்டி நம்பரை எண்ணி ஆடுகிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. மதியம் இரண்டு லட்சம். இப்போது மூன்றரை.

ஆகஸ்ட் 13

பதினாலு லட்சம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறாள், சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியாது.

ஆகஸ்ட் 16

அப்பா இன்றுதான் பாட்டைக் கேட்டார். பால் சொசைட்டியில் யாரோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் ஒனக்கு மாமனா?"

பாட்டுக்காக என்றேன். வாயில் வந்தது என்றேன். அப்பா தன்னைவிட முப்பது வருடம் பெரியவர்களையும் காலனி என்றால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் வாயில் அது எப்போதும் 'டேய் கருப்பண்ணா'தான். நான்? யோசித்துப் பார்த்தால் நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எதிரே பார்த்தால் சிரிப்பேன். போனில் என்றால் "ஆட்டோ வருமா" என்பேன். அவ்வளவுதான். மாமா என்று பாட்டில் வைத்தது எதுகைக்கு.

வீரமணி சொன்னான், அவன் அப்பாவுக்கு நேற்று நாற்பது போன் வந்ததாம். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஆட்டோ கேட்டாராம். "சிங்கப்பூருக்கு எந்த ரூட்டுடா" என்று அவர் சிரித்திருக்கிறார். பாட்டு அவருக்குப் பிடித்திருக்கிறது. அப்படித்தான் வீரமணி சொன்னான்.

ஆகஸ்ட் 25

நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அரியலூரில் ஒரு கல்லூரி விழா. மேடைக்கு ஏறும்போதே துப்பட்டா போய்விட்டது. இறங்கும்போது ஒருத்தி என் பின்னலிலிருந்து முடியைப் பிடுங்கினாள், ஞாபகத்துக்காம். அழவில்லை, சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை. ஸ்டாஃப் ரூம் பாத்ரூமில் முக்கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் பூட்டிக்கொண்டு நின்றோம். வெளியே ஆயிரம் பேர் அந்தப் பத்து எண்ணைக் கத்துகிறார்கள். வீரமணி மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றான். "எங்கப்பா நம்பர்டி அது" என்றான், ஏதோ இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி.

சென்னையிலிருந்து ராஜராஜன் என்று ஒருவர் வந்திருந்தார். எங்களை அவருடைய கம்பெனி எடுத்துக்கொள்கிறதாம். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, என்னைக்கூட 'நீங்க' என்கிறார். ஓட்டல் மேசையில் காபி டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். பாட்டு இனிமேல் கம்பெனிக்குச் சொந்தம். பதினெட்டுப் பக்கத்தில் நான் படித்தது என் பெயரை மட்டும். எழுத்துப்பிழை இல்லை.

செப்டம்பர் 3

கருப்பண்ணன் போனை எடுத்ததும் கேட்கிற ஒரே கேள்வி, "எங்க வரணும்?" அதை எவனோ ரிக்கார்டு செய்து தாளம் போட்டுவிட்டான். இப்போது பசங்கள் எல்லாம் அதற்கு உதடசைக்கிறார்கள். எங்க வரணும் எங்க வரணும் எங்க எங்க எங்க வரணும். அறுபது லட்சம் பேர் பார்த்தது.

நானும் முதலில் சிரித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, இது என் நோட்டு.

பிறகு அவருக்குப் போன் போட்டேன். பிஸி. பத்து நிமிடம் கழித்தும் பிஸி. சாயங்காலமும் பிஸி.

செப்டம்பர் 8

பஸ் ஸ்டாப்பில் வீரமணியின் அம்மா கொளஞ்சியம்மாள். எனக்காகவே காத்திருந்திருக்கிறார். கையில் பை இல்லை, ஊருக்குப் போகிற புடவையும் இல்லை.

"சாப்புட உக்காந்தா அடிக்குது, குளிக்கப் போனா அடிக்குது பாப்பா. நம்பர மாத்துன்னு வீரமணி சொல்றான். பதினாறு ஊரு பொம்பளைங்க வாயில இருக்குற நம்பர எப்புடிடா மாத்துறதுங்கறாரு. ஆப் பண்ணி வைங்கன்னு நான் சொன்னா, நூத்துல ஒன்னு நெசமா இருந்தா என்னாடி பண்றதுங்கறாரு. பாட்டுலேருந்து அத மட்டும் எடுத்துடு பாப்பா."

எடுத்துடுறேங்க என்றேன். பத்து நாளில் என்றேன். அவர் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் விட்டுவிட்டார். தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

செப்டம்பர் 9

ராஜராஜனிடம் பேசினேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் அவரிடம் கஷ்டம். நம்பரை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன இருக்கிறது என்று அன்பாகக் கேட்டார். இருபத்தொன்றாம் தேதி பெரம்பலூர் நிகழ்ச்சி முடியட்டும், அக்டோபரில் நம்பர் இல்லாத பாட்டாக மாற்றிப் போட்டுவிடலாம் என்றார். சரி என்றேன்.

சரி என்று ஏன் சொன்னேன்? இருபத்தொன்றாம் தேதிக்குத் தைத்த உடுப்பு வந்துவிட்டது. பச்சை நிறம், கழுத்தில் கண்ணாடி வேலை. அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டேதான் போனில் பேசினேன். காரணம் அதுவாக இருக்கக் கூடாது. ஆனால் அதுவும்தான்.

செப்டம்பர் 14

இந்த வாரம் ஒரே பாட்டைப் பதினோரு முறை பாடியிருக்கிறேன். புதிதாக ஒரு வரி எழுதவில்லை. யாரும் பிராக்டிஸுக்கு வருவதில்லை.

செப்டம்பர் 17

கலையரசனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லீவுக்கு மேல் லீவு. அவன் கவலைப்படவில்லை, புது கிதார் வாங்கலாம் என்கிறான். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சுக்குக் கஷாயம். அம்மா ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருக்கிறாள், பையன்கள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று. வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை.

செப்டம்பர் 22, காலை

நேற்றைய தினத்தை எழுதிவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

பெரம்பலூரில் எட்டாயிரம் பேர். ஆறு மணிக்கு ஆரம்பம். தொண்டை எங்கிருந்து சரியானது என்று தெரியவில்லை. ஆறரைக்கு 'ஆட்டோ மாமா'. பல்லவிக்கு முன்னால் பாட்டை நிறுத்தினேன். ராஜராஜன் காலையில் சொல்லிக்கொடுத்தது: "எல்லாரும் போன எடுங்க. நம்ம மாமாவுக்கு ஒரு கால் போடுங்க. அவருக்குக் கேக்கட்டும் பெரம்பலூர் சத்தம்." எட்டாயிரம் போன் மேலே வந்தது. மைதானமே வெளிச்சமாகிவிட்டது. அவர்கள் நம்பரைப் பாடிக்கொண்டே அழுத்துகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மூன்று முறை பாட வைத்தார்கள். வீரமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தான்.

இப்படி ஒரு நாள் வாழ்க்கையில் இன்னொரு தடவை வராது. அதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 22, சாயங்காலம்

ஜெயசித்ரா.

ரெண்டு வூடு தள்ளி. என்கூட பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. எட்டு மாசம். வூட்டுக்காரரு திருப்பூர்ல. மாமியா கொல்லிக்குக் களை எடுக்கப் போயிருக்கு. நேத்து சாயங்காலம் தனியா இருந்திருக்கா. ரத்தம் — நெறைய ரத்தம். கருப்பண்ணனுக்குப் போன் போட்டிருக்கா. பிஸி. திரும்பப் போட்டிருக்கா. பிஸி.

ஆறு முப்பத்தெட்டு. நான் அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? போன எடுங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

மாமியா வந்து பாத்து, கத்தி, பக்கத்து வூட்டுக்காரங்க 108-க்கு அடிச்சு, அது பத்து நிமிசத்துல வந்துருச்சு. அதுக்குள்ள ஏழே கால். அவ பொழச்சுக்கிட்டா. கொழந்த இல்ல. பொம்பளப் புள்ள.

கருப்பண்ணன் எங்க இருந்தாரு தெரியுமா? நம்ம ஊரு பஸ் ஸ்டாப்லதான். வண்டியிலதான் உக்காந்திருந்தாரு. நடந்தா எட்டு நிமிசம்.

எனக்குச் சாப்பாடு வேணாம். அந்தப் பச்சை உடுப்பு ஆணியிலேயே தொங்குது. அத யாராவது எடுங்க.

செப்டம்பர் 24

அரியலூர் பெரியாஸ்பத்திரி. ஜெயசித்ரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான்தான் என்று சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டட்டும் என்றுதான் போனேன்.

"ஒம் பாட்டு எனக்குப் புடிக்கும்டி. தெனம் கேப்பேன்" என்றாள். பிறகு, "அன்னைக்கு எனக்கு வேற நம்பரே ஞாபகத்துல வரல" என்றாள்.

அவளுடைய போன் தலைமாட்டில் இருந்தது. நான் கேட்காமலே எடுத்துக் காட்டினாள். 6.38-லிருந்து 7.09 வரை. முப்பத்தோரு தடவை.

செப்டம்பர் 25

தெருவில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். ஆட்டோக்காரன் போன் எடுக்கவில்லை. பாட்டால் பேர் வந்ததும் அவனுக்குப் பவுசு ஏறிவிட்டது.

காலை பதினோரு மணிக்கு ஏழெட்டுப் பேர் பஸ் ஸ்டாப்புக்குப் போய் ஆட்டோ கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். கருப்பண்ணன் இறங்கித் தள்ளி நின்றுகொண்டாராம். அந்த ஏழெட்டுப் பேரில் எங்கள் அப்பாவும் ஒருவர். கல்லை எடுக்கவில்லை, நின்றார். அதை அவரே பெருமையாகத்தான் சொன்னார்.

தப்பு என்னுடையது என்று அப்பாவிடம் சொன்னேன். மேடையில் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "வெளிய இதச் சொன்ன, நான் உசுரோட இருக்க மாட்டேன். பேரு வந்துருக்கு, இன்னும் கல்யாணம் ஆகணும், வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

மூடிக்கொண்டேன். இன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. எட்டாயிரம் பேர் முன்னால் திறந்த வாய், பன்னிரண்டு வீடு உள்ள தெருவில் திறக்க மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 27

கருப்பண்ணன் சிம் கார்டை உடைத்துப் போட்டுவிட்டாராம். வண்டியை எடுப்பதில்லை.

அக்டோபர் 4

வீரமணி ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். இரண்டு வாரத்தில் பத்து வயது கூடின மாதிரி இருந்தான். கடையில் ஆள் இருந்தார்கள், வெளியே லாரி போகிற ரோட்டோரம் நின்று பேசினோம். புழுதியில் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

பேண்டில் இனி இல்லை என்றான். தெரியும் என்றேன். அவன் அப்பா சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். அவன் போகிற லாரியைப் பார்த்தான். அவனும்தானே சிரித்தான், அவனும்தானே சொல்லிக்கொள்கிறேன் என்றான் — என்று என் மனசுக்குள் ஒன்று ஓடியது. அதை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"நான் பண்ணுனது எங்கப்பாவுக்கு நான் பண்ணுனது. அத நான் பாத்துக்கிறேன். நீ ஒன்னு சொல்லு. எங்கப்பாவ மாமான்னு பாடுன. அஞ்சு வருசமா நானும் நீயும் பழகுறோம். ஒரு நாளு எங்க வூட்டு வாசலுக்கு வந்துருக்கியா?"

வந்ததில்லை. பிராக்டிஸ் எப்போதும் கலையரசன் வீட்டில். ஏன் எப்போதும் கலையரசன் வீட்டில் என்று நான் ஒரு முறைகூட யோசித்ததில்லை. அரியலூர் நடுவில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவனும் நானும் ஒரே ஊர்.

அக்டோபர் 10

சொல்லிவிட்டேன். போனை ஜெராக்ஸ் மெஷின் மேல் சாய்த்து வைத்து, நான்கு நிமிட வீடியோ. நம்பரை வைத்தது நான், எடுக்காமல் தள்ளிப்போட்டது நான், எல்லாரையும் கூப்பிடச் சொன்னது நான், கருப்பண்ணன் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஜெயசித்ரா பெயரைச் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் ஒன்பது லட்சம் பேர். நாடகம் என்கிறார்கள். அடுத்த பாட்டுக்கு விளம்பரம் என்கிறார்கள். அழும்போது அழகாக இருக்கிறேனாம். முக்கால்வாசிப் பேர் கீழே அந்தப் பத்து எண்ணை எழுதியிருக்கிறார்கள்.

தெருவில் ஒரே ஒரு மாற்றம். கண்ணாடி உடைத்ததைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. கருப்பண்ணனிடம் போய் யாரும் எதுவும் சொன்னதாகவும் தெரியவில்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அக்டோபர் 18

அந்த வீடியோவுக்காகக் கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ். அதே நாளில் நம்பர் இல்லாத பாட்டையும் வெளியிட்டுவிட்டார்கள். நம்பர் வருகிற இடத்தில் வெறும் தாளம். அந்த இடத்தில் கேட்பவர்களே நம்பரைக் கத்துகிறார்கள். முன்பைவிடச் சத்தமாக.

நான் எழுதினதை இனி நானே நினைத்தாலும் எடுக்க முடியாது.

அக்டோபர் 31

தீபாவளி. ஊருக்குள் மூன்று ஸ்பீக்கர். மூன்றிலும் என் குரல். ஜெயசித்ரா வீடு சாத்தியிருந்தது. அம்மா பலகாரம் கொண்டுபோனாள், திரும்பக் கொண்டுவந்தாள்.

நவம்பர் 17

கலையரசனுக்கு அதே ஆலையில் இன்னொரு கான்ட்ராக்டரிடம் வேலை கிடைத்திருக்கிறது. லோடு ஏற்றுகிற இடம், முன்பைவிடப் புழுதி. கிதாரை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டதாகச் சொன்னான். பேண்டு முடிந்தது என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. மழை எப்படி, பருத்தி எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிட்டோம்.

டிசம்பர் 3

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 15

காலனிக்குப் போனேன்.

எங்கள் வாசலிலிருந்து ஐந்து நிமிட நடை. இருபத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது. இப்படி எழுதினால் அழகாக இருக்கிறது, அதனால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. போனேன், அவ்வளவுதான்.

எது அவர்கள் வீடு என்றுகூடத் தெரியாது. கேட்டுத்தான் போனேன். கேட்ட இடத்தில் எல்லாம் என்னை உற்றுப் பார்த்தார்கள். வாசலில் நின்றேன். கூப்பிட வேண்டும். என்னவென்று? மாமா என்று கூப்பிட நாக்கு வரவில்லை — அதைப் பாடினவள் நான். பெயர் சொல்ல முடியாது. சார் என்றால் சிரிப்பார்கள். கடைசியில் "வீரமணி அம்மா" என்று கூப்பிட்டேன். கொளஞ்சியம்மாள் வந்து, பார்த்து, உள்ளே போய்விட்டார். வீரமணி கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டானாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பிறகு அவர் வந்தார். சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

நான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன், கூடாது என்று வைத்திருந்தும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முதலில் கேட்டது, "அந்தப் புள்ள எப்புடி இருக்கு?" எழுந்து நடமாடுகிறாள் என்றேன்.

"முப்பத்தோரு தடவ அடிச்சிருக்குன்னு சொன்னாங்க" என்றார். "அன்னைக்கு நான் ஒரு போனையும் எடுக்காம வுடலம்மா. வந்தத பூரா எடுத்தேன். எடுத்ததுல எல்லாம் பாட்டுதான் கேட்டுச்சு. வச்சுட்டு அடுத்தத எடுத்தேன். அதுலயும் பாட்டு. இதுல ஒன்னு நெசமா இருக்கும்னுதான் எடுத்துக்கிட்டே இருந்தேன்."

பரவாயில்லை என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான்தான் வந்துவிட்டேன்.

டிசம்பர் 16

பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 20, 2025

பொங்கல் கழிந்து ஆட்டோ மறுபடியும் ஓடுகிறது. புதுக் கண்ணாடி. அம்மா கடையில் கேட்டுக்கொண்டு வந்தாள். அவர் இனிமேல் போனே வைத்துக்கொள்ளப் போவதில்லையாம். எங்கள் தெருவிலிருந்து ஒருவர் ரோட்டில் வழிமறித்து, அவசரத்துக்கு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறார். "வூடு தெரியும்ல. ஆளு வந்து கூப்புட்டா எந்த நேரத்துலயும் வரேன்" என்றாராம்.

"அது எப்படி நாம அங்க போய் நிக்கிறது" என்று அம்மா என்னிடமே கேட்டாள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 9

காலை ஏழரைக்குக் கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு. தொட்டாலே கத்துகிறாள். அப்பா 108-க்கு அடித்தார். ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நாலு மாதத்தில் முதல் பேச்சு: "நீ போய்க் கூப்புட்டு வா."

அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. நகர்த்தினால் உயிர் போகிற மாதிரி கத்தினாள். "என்னால எந்திரிக்க முடியாதுப்பா" என்றேன். அது உண்மைதான். ஆனால் எழுந்திருக்க முடிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பா வாசல்வரை போனார். திரும்பி வந்தார். கொடியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். போனார்.

பதினைந்து நிமிடத்தில் ஆட்டோ சத்தம். அப்பா பின்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே போய் என்ன சொல்லிக் கூப்பிட்டார், எவ்வளவு நேரம் நின்றார், தெரியாது. நான் கேட்கவில்லை. கருப்பண்ணன் இறங்கி, கொல்லைக் கதவைக் கழற்றி, அம்மாவை அதன்மேல் எப்படி நகர்த்துவது என்று அப்பாவுக்குச் சொன்னார். "அந்தப் பக்கம் புடிங்க. மெதுவா. மெதுவா தூக்குங்க." அப்பா சொன்னபடி செய்தார். அரியலூர்வரை வண்டி ஒரு பள்ளத்தில்கூட விழவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவை இறக்கி உள்ளே கொண்டுபோனதும், நர்ஸ் சீட்டில் பெயரெல்லாம் எழுதிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, சிரிப்பு வந்தது, இடம் பார்த்து அடக்கிக்கொண்டார். கூட வந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். அப்பா, மகள் என்று எழுதினார். பிறகு அம்மாவின் தலைமாட்டில் இன்னும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த கருப்பண்ணனைக் காட்டி, "இவரு? சொந்தமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பாவும் அங்கேதான் நின்றார்.

"இல்லைங்க. ஆட்டோக்காரன்" என்றார் கருப்பண்ணன். அம்மாவின் தலைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.